சிங்குக்கு அடியில் ஒரு வால்வு

ஸ்டோர்காரருக்கு நாலு வீடு. வீட்டுச் சொந்தக்காரர் என்றதும் சாய்வு நாற்காலி, கால்மேல் கால் என்று நினைத்துவிட வேண்டாம். தோளில் ரெக்சின் பை, அதற்குள் ஸ்பேனரும் வாஷரும். வாடகைக்கு விட்ட நாலு வீட்டுப் படியையும் நாள் தவறாமல் ஏறி இறங்குகிற ஆள் அவரேதான். தொழிற்சாலை ஸ்டோரில் முப்பது வருஷம், கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பழக்கம் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

மகளுக்கு எட்டாம் மாதம். எழுந்து நடமாடக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ரயிலில் மகள் ஊருக்கு இருவருமாகப் போய் மூன்று மாதம் இருப்பதென்று மனைவி முடிவு செய்தார். அப்போது வீடுகளை யார் பார்ப்பது? அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, வாடகை வீடுகளைப் பராமரித்துக் கொடுக்கும் ஓர் அம்மாளை மனைவியே வரவழைத்தார்.

அம்மாள் சாவிக்கொத்தைப் பார்த்தார். பன்னிரண்டு சாவி, ஒன்றிலும் நம்பர் இல்லை. எழுதி வைத்தால் திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகுமாம். நம்மவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். அம்மாள் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்று நாள் வெள்ளோட்டம் என்று பேச்சு. அதுவரை குடியிருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் அம்மாளைத்தான் கூப்பிட வேண்டும்.

முதல் நாள் இவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை அணைத்துப் போட்டார். இரண்டாம் நாள், இரண்டாம் நம்பர் தையல்காரர் வீட்டில் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. அம்மாள் அனுப்பிய பிளம்பர் தண்ணீரை நிறுத்த வால்வைத் தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். அது நாலாம் நம்பரில், நர்ஸ் குடியிருக்கும் வீட்டின் சமையலறையில், சிங்குக்கு அடியில் இருந்தது. பைப்பை மிச்சம் பிடிக்க இவர் தன் கையாலேயே போட்ட இணைப்பு.

அம்மாள் போன் செய்தார். ஏழாவது நிமிஷம் இவர் பையோடு வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

“சார், வீடுகளை நான் பாத்துக்கறேன்,” என்றார் அம்மாள். “ஆனா சுவரை உடைச்சு நாலு லைனையும் தனித்தனியாப் பிரிக்கணும். ஒரு வாரத்து வேலை. சரின்னு சொல்லுங்க, நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

“பாக்கலாம்,” என்றார் இவர்.

அம்மாள் நோட்டை மூடிவிட்டார். இந்தத் தொழிலில் எத்தனை ‘பாக்கலாம்’ பார்த்திருப்பார்.

புதன்கிழமை மனைவி பெட்டியைத் திறந்து, இவருடைய சட்டைகளை மட்டும் எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். திட்டவில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. வேறு ஆள் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்துவிடுவதாக இழுத்தார்.

“நீங்க இல்லேன்னா அந்த நாலு வீடும் அழும்னு நினைக்கிறீங்க,” என்றார் மனைவி. “அழாதுங்க.”

அடுத்த வாரம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு காலை, நாலாம் நம்பரில் அந்த வால்வே கழன்றுகொண்டது. மேல்தொட்டியின் துளையைத் துணி வைத்து அடைக்கத் தையல்காரர் மாடிக்கு ஓடினார். இவர் சிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பீச்சுகிற தண்ணீரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். இவருடைய போன் அடித்தது. நர்ஸ் எடுத்துக் காதருகே பிடித்தார்.

“பேத்தி பொறந்திருக்கா,” என்றார் மனைவி. “வீடியோல காட்டறேன், பாருங்க.”

ஒரு குட்டிக் குரல் வீறிட்டது. இவர் தலையைத் திருப்பப் பார்த்தார், சிங்க் இடித்தது.

“கொஞ்சம் இரு,” என்றார். “கையை எடுத்தா தண்ணி வந்துடும்.”