சிவப்பு எரிந்தால் சாப்பாடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், போன முறை பர்மாவுக்கு, தாமுவே பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டுப் போனாள். கரண்ட் செலவு குறைந்தால் அதில் பச்சை எரியும், கூடினால் சிவப்பு. இங்கே எரிவது அவள் போனிலும் தெரியும். பாதி நேரம் கரண்டே இல்லாத ஊரில் இது ஒரு கேடா என்று எனக்கு எரிச்சல்தான்.

என் மனைவிக்கோ அது பரீட்சை ஆகிவிட்டது. சிவப்பு எரிந்தால் அங்கே பிள்ளை கவலைப்படுவாளாம். கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாபி!", கரண்ட் வந்துவிட்டது என்று பர்மியத்தில் கத்தும், எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும், சோறு வேகும். இவள் மட்டும் ரைஸ் குக்கரை ஓரங்கட்டிவிட்டுக் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். கொளுத்தும் வெயிலிலும் ஃபேன் கிடையாது.

"நமக்காகக் கரண்டா, கரண்டுக்காக நாமளா?" என்று கத்துவேன்.

"பச்சையாவே இருக்குங்க, பாருங்க" என்பாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே பெருமையாக. அந்த முகத்தைப் பார்த்தால் என் கோபம் எங்கே நிற்கும்?

ஒரு நாள் மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பர்மியப் பள்ளியில் படித்தவள். தமிழில் பர்மியம் கலந்துதான் பேசுவாள். "என்னம்மா இப்படிப் பண்றே? சாயங்காலம் நீ வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."

மனைவி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னாள். "புள்ளை சாப்பிடாம கெடக்குறா. எனக்கு டிக்கெட் போடுங்க." உடனே மகளுக்குப் போன் போட்டு, இவளும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த நீ இல்லம்மா, மீநீ!"

பர்மியத்தில் 'நீ' என்றால் சிவப்பு. 'மீநீ' சிவப்பு விளக்கு.

சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள். "வேலை முடிஞ்சு வந்து போனைப் பாப்பேன். சிவப்பா இருந்தா, அம்மா குக்கர் போட்டிருச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு நானும் சாப்பிட உக்காருவேன். இப்பல்லாம் பச்சையாவே இருக்கும்மா. பயமா இருக்கு."

அன்றே குக்கர் பழைய இடத்துக்கு வந்தது, ஃபேனும் சுற்றியது.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பினோம். கரண்ட் இருந்தது. இவள் செருப்பைக் கழற்றிய கையோடு குக்கரில் தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைத் தட்டினாள்.

"அரிசி போடாம வெறும் தண்ணிய எதுக்குக் கொதிக்க விடுறே?" என்று சிடுசிடுத்தேன்.

சிவப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புள்ளை சாப்பிட வேண்டாமா?"