அத்தான் சாப்பிட்ட ஹமுஸ்

இன்று எழுவைதீவில் எனக்கு உயிர் போய் வந்தது.

கிரேக்க, மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாடுகளை இறக்குமதி செய்து, சிலதை இங்கேயே தயாரிக்கும் கொழும்புக் கொம்பனியில் வேலை செய்கிறேன். அங்கே கொண்டைக்கடலை அரைத்துச் செய்த ஹமுஸ் பசையில் ஒரு டப்பா தீவிலுள்ள அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அத்தான் பாணில் பூசி இரண்டு வாய் சாப்பிட்டார். உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"இதுக்குள்ளை எள்ளு கிடக்கோ?" என்று அக்கா கத்தினார்.

"ஓம், கடலையோடை எள்ளும் அரைச்சது."

"ஐயோ, அவருக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாதடி!"

பக்கத்து வீட்டு அண்ணை உடனே வள்ளத்தை எடுத்தார். ஊர்காவற்றுறை வரும்வரை அத்தானின் நெஞ்சிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. நடுக்கடலில் ஒருமுறை மூச்சு நின்றதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபின் அத்தான் கண் திறந்து, "தண்ணி தாரும்" என்றார். அப்போதுதான் அழுதேன்.

இதற்குள் கொம்பனி மேலாளர் போனில் செய்தி போட்டுக் கேட்கிறார்: "தீவுச் சனத்துக்கு ஹமுஸ் பிடிச்சிருக்கோ?"

என்ன பதில் போடட்டும், சொல்லுங்கோ.