மைத்துனர் கொடுத்த என்ஜின்

சாயங்காலம் மைத்துனர் வேனோடு வந்து என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயிண்டர் காலையிலிருந்து காருக்கு முன்னால் குனிந்தபடியே இருந்தார்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். ஊரார் கார்களை அழகாக்கி அனுப்பி அலுத்துப்போய், வீட்டுக் கொட்டகையில் தனக்கென்று ஒன்றைக் கட்டினார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம், இரண்டே இருக்கை, கதவும் கூரையும் இல்லாத, தரையை ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார். ஒவ்வொரு துண்டையும் தேய்த்து, பிரைமர் அடித்து, கோட் கோட்டாக அடர்சிவப்பு ஏற்றியிருந்தார். வெறும் இரும்பு எங்கேயும் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கை உள்ளவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று மனைவி அவ்வப்போது சொல்வதுண்டு.

என்ஜின் மட்டும் மனைவியின் தம்பி கொடுத்தது. பழைய கார்களைப் பிரித்து விற்பவர். நல்லதாகப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனால் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முக்கி முனகி ஓரிரு சுற்றோடு நின்றுவிடும். தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் ஒரு குறையும் கிடையாது. பெயிண்டர் பேட்டரியை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், ஸ்டார்ட்டரையே மாற்றினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் தெருமுனையிலிருந்த உதிரிபாகக் கடையில் நாலு பேர் காதுபட, "சொந்தக்காரன்னு நம்பினேன், செத்த என்ஜினைத் தலைல கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டார்.

அது அன்றைக்கே மைத்துனர் காதுக்குப் போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, செத்ததை யாரும் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த அமைதிதான் பெயிண்டரைப் பயமுறுத்தியது. சட்டம் அந்த என்ஜினுக்கென்றே அளவெடுத்துக் கட்டியது. அது போனால் மிஞ்சுவது பளபளப்பான ஒரு தொட்டி.

நேற்றுவரை கோளாறு என்ஜினில்தான் என்று சாதித்தவர், இன்று அது என்ஜினில் இருக்கக் கூடாதே என்று தவித்தார். நாம் உண்மையைத் தேடுவது பெரும்பாலும் இப்படித்தான். அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே.

மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, குளிர்ந்த என்ஜின் பிடிக்க உதவும் சோக்குக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். முனகல். மறுபடியும் திருப்பச் சொன்னார். மறுபடியும் முனகல்.

"ஏங்க, இந்தக் கம்பி சுடுது."

வேறு எதையும் தொட வேண்டாம் என்றார் அவர், நிமிராமல்.

"சோக்குக் கம்பியைத்தான் சொல்றேன். நீங்களே வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டவர் விரலை வெடுக்கென்று எடுத்தார். டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் வெறும் இழுகம்பி அது. அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. வேலையில்லாத வழியில் மின்சாரம் பாய்கிறதென்றால், அதற்கு உரிய வழி அடைபட்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம், என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் தடித்த எர்த் ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். காருக்கடியில் படுத்து டார்ச் அடித்தார். ஒயரின் முனை சட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, அவருடைய அடர்சிவப்பின் மேல். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தன் பெயிண்டைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் வேன் வந்து நின்றது.

என்ஜின் தூக்கும் செயினைத் தோளில் போட்டுக்கொண்டு மைத்துனர் உள்ளே வந்தார். அக்காவிடம் மட்டும் நலம் விசாரித்தார். காருக்கடியிலிருந்து நீண்டிருந்த கால்களைப் பார்த்து, "எந்திரிங்க மாமா. இருட்டறதுக்குள்ள எறக்கணும்" என்றார்.

"கொஞ்சம் பொறு மாப்ள."

"பேசும்போது நீங்க பொறுத்தீங்களா?"

பெயிண்டர் போல்ட்டைத் தளர்த்தி ஒயரை விலக்கிவிட்டு உப்புத்தாளை எடுத்தார். கை நகரவில்லை. இதுவும் காரணமில்லையென்றால் என்ஜினும் போய், பெயிண்டும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். சிவப்புத் தூள் முகத்தில் கொட்டியது. பிறகு பிரைமர். பிறகு இரும்பு வெள்ளையாக மின்னியது. ஒயரை வைத்து முறுக்கினார்.

"இப்பத் திருப்பு."

மனைவி திருப்பினாள். முனகலே இல்லை. ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் சுழன்றது, என்ஜின் பிடித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

பெயிண்டர் ஊர்ந்து வெளியே வந்து உள்ளங்கைத் தூளைக் காட்டினார். மைத்துனருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் தோளிலிருந்த செயினை இறக்கவில்லை.

"கடைல சொன்னதை வீட்டுல அழிச்சிட முடியுமா மாமா?"

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பிக்கும் பேசவில்லை, புருஷனுக்கும் பேசவில்லை. இருக்கையிலிருந்து இறங்கி, "வண்டிதான் ஓடுதே, ரெண்டு பேருமா கடை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள்.

கடையில் பெரும்பாலும் அன்றிருந்த அதே முகங்கள். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதுவே போதாதா என்று பெயிண்டர் நினைத்தார். பக்கத்திலிருந்த மைத்துனர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். அந்த நிசப்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயிண்டர் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். "என்ஜின் நல்ல என்ஜின்தான். எர்த் ஒயர் போற எடத்துல நான்தான் பெயிண்டை அடிச்சு வெச்சிட்டேன். இவன்மேல தப்பில்ல."

"நீங்களேவா?" என்றார் கடைக்காரர். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காது சிவக்க நின்றுவிட்டு, உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது.

"வீட்டுக்கு வேணாம்" என்றார் மைத்துனர், முன்னால் பார்த்தபடி. "அப்படியே மேம்பாலம் வரைக்கும் விடுங்க மாமா. நல்லா சூடானப்புறமும் பிடிக்குதான்னு பாத்துடணும்."