சோளகத்தில் இறங்கிய பிளேன்

ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் முப்பது வருடத்துக்குக் கிட்ட மற்றவர்களின் பொதிகளை நிறுத்துக்கொண்டிருந்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு என்னையே தராசில் ஏற்றி நிறுப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பலாலி விமான நிலையத்தில் அதுதான் நடந்தது. கொழும்புக்குப் போகிற சின்னப் பிளேனில் பையை மட்டுமல்ல, ஆளையும் நிறுக்கிறார்கள். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எண் சிவப்பாக எரியும். முதல்நாள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

"அன்ரி, செருப்போடை ஏறலாம்" என்றாள் அங்கே நின்ற பிள்ளை.

ஏறலாம் என்று எனக்கும் தெரியும். கால் கிலோ என்றாலும் கால் கிலோதானே.

எங்கள் வீட்டில் யாரும் ஆசைப்பட்டுப் பிளேன் ஏறவில்லை. என் மனுசனுக்குக் கண்ணில் ஊசி போட மாதம் ஒருதரம் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. இடது கண் முன்னமே போய்விட்டது. வலது கண்ணில் இருந்ததைக் காப்பாற்றத்தான் ஊசி. தவணை தப்பினால் அதுவும் போகும் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் குலுங்கிப் போய் வந்தால் அவருக்கு நாலு நாளைக்கு நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த ஏலாது. கனடாவில் இருக்கிற மகள்தான், "பிளேன் ஒண்டு மலிவா ஓடுது, அதிலை போங்கோ" என்று ரிக்கற்றைப் போனுக்கு அனுப்பினாள்.

மலிவுப் பிளேன்தான். இருக்கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பார்கள், உபசாரம் அவ்வளவுதான். நான் பயற்றம் உருண்டை கொண்டுபோவேன். எங்கள் ஊரான சரவணையில் ஓட்டோ ஏறி, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டிப் பலாலிக்குப் போய், பையைத் திறந்து காட்டி, கதிரையில் காத்திருந்து முடிகிற நேரத்துக்குள் பிளேன் கொழும்புக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடும் என்பார் மனுசன். ஆனாலும் மாதம் பிறந்தால் உடுப்பை அயன் பண்ணி மினுக்கி வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளிக்கிட்டு நிற்பவரும் அவர்தான்.

முதல் பயணத்தில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடவேண்டும். நான் எழுவைதீவில் பிறந்தவள். எங்கள் தீவுக்குத் தரைப்பாதை கிடையாது, வள்ளம்தான். வள்ளத்தில் ஒரு பக்கம் பாரம் கூடினால் யாரும் சொல்லாமலே நாலு பேர் எழும்பி மற்றப் பக்கம் போய் இருப்போம். பிளேன் எழும்பி வளைந்தபோது எல்லாச் சனமும் இடது பக்க யன்னலுக்குச் சரிந்து கீழே பார்த்தது. பிளேனும் அந்தப் பக்கமே சரிந்தது. நான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு எழும்பி, வலது பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இருக்கையில் போய்க் குந்தினேன். முன்னால் இருந்த விமானி திரும்பிப் பார்த்து, இருங்கோ இருங்கோ என்று கையால் காட்டினார். பிளேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மனுசன் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். கொழும்பில் தன் தங்கச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற முந்தியே அந்தக் கதையைத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு இறங்குகிற நேரம் முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். கடலில் எவ்வளவு ஆட்டினாலும் பயமில்லை, ஆனால் நிலம் மேலே ஏறி வருவதை என்னால் பார்க்க ஏலாது. அதனால் யன்னல் பக்கம் அவருக்கு. ஊர் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

"நெடுந்தீவு தனியத் தள்ளிக் கிடக்கு. இந்தா, நயினாதீவுக் கோபுரம். இனிப் புங்குடுதீவுப் பாலம், அதிலை மினிவான் ஒண்டு ஓடுது. அங்காலை எழுவைதீவு. உம்மடை ஆக்கள் வள்ளத்திலை வெளிக்கிடினம்."

அந்தக் குரலைக் கேட்டபடி இறங்குவது எனக்குப் பிடித்திருந்தது. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்கிற நிம்மதியும் அதில் இருந்தது. கிளினிக்கில் அவர் என்னை உள்ளே வரவிடமாட்டார். "நீர் வெளியிலை இரும்" என்று போவார், "நல்லாயிருக்காம்" என்று வருவார். எனக்கு அது போதுமாக இருந்தது. பிளேனிலிருந்து பாலத்தில் போகிற வாகனமே தெரிகிறவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வைகாசி வந்து, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று எழும்பியது. ஊசி போட்டுவிட்டு மறுநாள் பின்னேரம் திரும்பி வருகிறோம். நான் வழக்கம்போலக் கண்ணை மூடியிருக்கிறேன். அவர் சொல்லிக்கொண்டு வருகிறார். நெடுந்தீவு முடிந்தது, கோபுரம் முடிந்தது. அப்போது என் மூடிய கண்ணில் வெயில் அடித்தது. மற்ற நாட்களில் அப்படி முன்னாலிருந்து வெயில் அடிப்பதில்லை. கண்ணைத் திறந்து அவரைத் தாண்டி யன்னலைப் பார்த்தேன்.

கீழே கடல். தீவு ஒன்றும் இல்லை. பாலம் இல்லை. கறுநீலமாக வெறும் கடல்.

"அந்தா எழுவைதீவு" என்றார் அவர், கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்துகொண்டு. "வள்ளம் ஒண்டு கரைக்கு வருது பாரும்."

பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. பதுளையில் கடை வைத்திருந்த காலத்தில் எந்தத் தட்டில் என்ன சாமான் என்று திரும்பிப் பாராமலே எடுத்துக் கொடுக்கிற மனுசன். ஒருதரம் பார்த்த வரிசை அவருக்கு மறக்காது.

பிளேன் நின்றதும் பின்னால் இருந்த ஐயா ஒருவர், "ஏன் தம்பி இண்டைக்குச் சுத்திக்கொண்டு வந்தனீங்கள்?" என்று விமானியைக் கேட்டார்.

"சோளகம் ஐயா. காத்துக்கு எதிராத்தானே இறங்கவேணும். இனிக் கொஞ்ச மாசத்துக்குத் தீவுப்பக்கம் வராது, வடக்குக் கடலாலைதான்."

பெல்ற்றைக் கழற்றிக்கொண்டிருந்த என் மனுசனின் கை அப்படியே நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கினேன்.

ஓட்டோவில் வருகிற வழியில் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் பிழை என்று சந்திக்கு நடந்து போனவர் அதைத் திருத்தக் கொடுக்கவே இல்லை. "பேப்பரை நீர் வாசியும், உம்மடை குரலிலை கேக்க நல்லாயிருக்கு" என்று சொன்னார். நாற்பது வருடத்தில் இல்லாத காதல் இப்போது வந்துவிட்டதாக்கும் என்று நானும் உள்ளுக்குள் குளிர்ந்துபோய், மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுசன். மறைத்த சோற்றை நானே சோற்றுக் கோப்பையில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

மண்டைதீவுச் சந்தி வரைக்கும்தான் என்னால் பொறுக்க முடிந்தது.

"எத்தினை மாசமாக் கண் தெரியேல்லை?"

"மாசி துவங்கி" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் வெளியே கடலைப் பார்த்தபடி இருந்தார். "கண் போனா வீட்டைப் பூட்டிப்போட்டு மகளிட்டைப் போறதுதான் எண்டு நீர்தானே சொன்னனீர்."

சொன்னேன்தான். ஊசிக்கு நாள் குறித்த அன்று, ஏதோ எரிச்சலில், குசினிக்குள் நின்று சொன்னது. சொன்ன அடுத்த நிமிடமே நான் மறந்துவிட்டேன். அவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பிளேனில் ஒவ்வொரு தீவாக எனக்கு ஒப்புவித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் பொங்கியது, அதைவிட வெட்கம். ஓட்டோக்காரத் தம்பிக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

அடுத்த மாதம் "வெளியிலை இரும்" என்று சொல்ல அவர் வாயைத் திறக்க முந்தியே நான் டொக்டரின் அறைக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். டொக்டர் எங்கள் பக்கத்துப் பிள்ளை, நிதானமாகக் கதைக்கிறவர். கண்ணின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது, நேரே பார்ப்பது தெரியாது என்றார். ஓரங்கள் நன்றாக இருக்கின்றன. ஊசியை ஒழுங்காகப் போட்டுவந்தால் அந்த ஓரங்களைக் காப்பாற்றலாம்.

"அப்ப இருட்டாகாதோ?" என்று கேட்டேன்.

"முழுக்க இருட்டாகாது அம்மா. மோட்டார் சைக்கிள் மட்டும் கூடாது. நடக்கலாம், தோட்டத்துக்குப் போகலாம், கிணத்தடியிலை குளிக்கலாம். பாக்கிற விதத்தைத்தான் மாத்தவேணும்." பிறகு அவரைப் பார்த்து, "ஐயா, இப்ப அம்மாவைப் பாருங்கோ. முகத்தைப் பாராதேங்கோ. காதைப் பாருங்கோ, அப்ப ஓரத்தாலை முகம் தெரியும்" என்றார்.

மனுசன் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பினார். "காதோ? எந்தக் காது?" என்றார். டொக்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சரிவரவில்லை. பழகப் பழக வரும் என்று சொல்லி அனுப்பினார்.

பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உடனே கனடாவுக்கு வாருங்கள் என்று அவள் கத்தினாள். நாங்கள் சரவணையில்தான் இருப்போம், மாதம் மாதம் ரிக்கற்றை மட்டும் அனுப்பு என்று நானும் கத்தினேன். மனுசன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் திறப்பைச் சேட்டுப் பைக்குள் இருந்து எடுத்து என் மடியில் வைத்தார். நான் கேட்காமலே வைத்தார்.

மறுநாள் பிளேனில், "யன்னல் பக்கம் நீர் இரும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் இருந்தேன். பிளேன் வடக்குக் கடல்மேல் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

"என்ன தெரியுது?"

"கடல்தான். கரை வருது. வெள்ளையா நுரை. நாலைஞ்சு வள்ளம் இழுத்து விட்டிருக்கு" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். யன்னலை அவர் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு என் காதுக்கு அங்கால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சரிவராமல் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு கண் அசையாமல் நின்றது. அப்படியே கனநேரம் பார்த்தார்.

"என்னப்பா இது, உமக்கு இவ்வளவு நரைச்சுப்போச்சு" என்றார்.

சில்லு ஓடுபாதையில் முட்டியபோது எனக்குப் பயமே வரவில்லை. அது எப்பவோ நரைத்தது, நீங்கள் இப்பதான் பார்க்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று முகத்தை அசைக்காமல் இருந்தேன்.