கரண்ட் வந்த பரீட்சை

போன வாரம் ஒரு பரீட்சையை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை!

ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. என் சித்தப்பா மகன் முருகேசன் அங்கே ப்ளஸ் டூ, தொழிற்பிரிவு. அன்றைக்கு லேத் மெஷினில் பிராக்டிகல். ஓர் இரும்புத் தண்டைச் சொன்ன அளவுக்குக் கடைந்து தரவேண்டும். பாஸானால் அரியலூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் அப்ரண்டிஸ். ஃபெயிலானால் சித்தப்பாவோடு முந்திரிக் காடு.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் ஸ்விட்சைப் போட்டார். லேத் 'விர்ர்ர்' என்று சுழன்றது.

முருகேசன் துள்ளிப் பின்னால் போனான்!

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"ஓடுது சார்..."

"லேத்துன்னா ஓடாம?"

பயந்துகொண்டே வெட்டும் டூலை நகர்த்தினான். வேகம் பிடிபடவில்லை. டணார்! டூல் முனை தெறித்து என் ஜன்னல் கம்பியில் வந்து மோதியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"ரெண்டு வருசமா என்னடா கத்துக்கிட்ட?"

"கரண்ட்டுல இது ஓடி நாங்க பாத்ததே இல்ல சார்!"

என்னது?

உண்மைதான். எங்கள் பக்கம் பகலில் லேத் ஓட்டுகிற த்ரீபேஸ் கரண்ட் எங்கே வருகிறது? வாத்தியார் பார்த்தார். லேத்தின் பின்பக்கம் ஒரு கைப்பிடி மாட்டிவிட்டார். இரண்டு பேர் சுற்றுவார்கள், ஒருவன் கடைவான். படிப்பு முழுக்க அப்படித்தான். பரீட்சையன்று பார்த்து கரண்ட் வந்து தொலைத்துவிட்டது!

"ஒரு சான்ஸ் குடுங்க சார். கரண்ட்ட நிப்பாட்டுங்க, முடிச்சிடறேன்."

எக்ஸாமினர் ஸ்டூலில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றே சொல்லலாம். லேத்தை நிறுத்தி, வேறு டூல் மாட்டினார்கள். கூடப் படிக்கும் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

"மூணு பேரு சேந்து எழுதுற பரீட்சையாடா இது?"

"நான்தான் சார் கடையறேன். அவனுங்க கரண்ட்டு."

கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது.

"டேய் செல்வராசு, மெதுவா! கெணத்துல தண்ணியா எறைக்கிற?"

"ஒன் வேலயப் பாருடா. டூல ஒடச்சது நீயா, நானா?"

தண்டு பளபளவென்று சொன்ன அளவுக்கு இளைத்துக்கொண்டே வந்தது. எக்ஸாமினர் அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். கச்சிதம்!

மார்க்கைப் போட்டுவிட்டு முருகேசன் தோளில் கை வைத்தார்.

"பாஸ்தான், போ... ஆனா வேலைக்குப் போற எடத்துல கரண்ட் இருக்கும் தம்பி. ஜாக்கிரதை!"