சிவப்பு நூல் போட்ட உடை

அந்தத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் உடைகளைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ஊசி என்றே கூப்பிடுவார்கள். காலரில் எப்போதும் நாலைந்து ஊசி குத்தியிருப்பாள். நாக்கிலும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று பேச்சு. தோழி வேஷம் போடும் லொடலொடவை மட்டும் அது குத்தாது. லொடலொட வெளியே ஓயாமல் பேசுவாள், கேமரா முன்னால் வசனத்தைக் கோட்டை விடுவாள். கேமராவுக்குப் பின்னால் நின்று ஊசிதான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பாள்.

அன்றைக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துக் காட்சி. தோழி வாழ்த்துச் சொல்ல எழுந்து, தடுக்கி, ஒரு ஜாடி திராட்சை ஜூஸை மணப்பெண் மேல் கொட்ட வேண்டும். மணப்பெண் உடை வாடகைக்கு வந்த பட்டு. அது கறைபடக் கூடாது என்று ஊசி ராத்திரி பகலாக அதேபோல மலிவுத் துணியில் ஒன்று தைத்திருந்தாள். அடையாளத்துக்குக் கழுத்தின் உள்பக்கம் சிவப்பு நூல். தோழிக்கு உடை தரும் வழக்கமே இல்லை. லொடலொட தன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் உடையைப் போட்டு வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போட்டுக்கணும்டி, பார்த்து இஸ்திரி போடு" என்று காலையில்தான் ஊசியிடம் சொல்லியிருந்தாள்.

ஒத்திகையில் மாப்பிள்ளை காகிதத் தோரணத்தில் சிக்கி நாற்காலியோடு கவிழ்ந்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊசியும் சிரித்துக்கொண்டே கைக்கு வந்த உடையை எடுத்து மணப்பெண்ணுக்கு மாட்டிவிட்டாள்.

கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் கவனித்தாள். கொக்கியில் தொங்கிய உடையில் சிவப்பு நூல்.

போன மாதம் ஒரு சட்டையைப் பொசுக்கியதற்கே இயக்குநர், "இன்னொரு தடவைன்னா வீட்டைப் பார்த்துக் கிளம்பு" என்று சொல்லியிருந்தார். கத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். லொடலொட ஜாடியோடு எழுந்துவிட்டாள். வழக்கம்போல வசனத்துக்காக ஊசியின் உதட்டைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றது உதடு. "நிஜ உடை."

லொடலொட ஒரு கணம் விழித்தாள். பிறகு தடுக்கினாள், சுழன்றாள், ஜாடி முழுவதையும் தன் நெஞ்சிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

படப்பிடிப்பைப் பார்க்க வந்தவர்கள் கூரை அதிரச் சிரித்தார்கள்.

"கட்! அவ மேல ஊத்தச் சொன்னா, உன் மேலயே ஊத்திக்கிற? இதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா உனக்கு?" இயக்குநர் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தார். சிரிப்பு ஓயவில்லை என்று கண்டதும் முனகினார். "சரி, இதுவே இருக்கட்டும்."

கழுவும் தொட்டியில் ஊசி மஞ்சள் துணியைத் தேய்த்தாள். ஊதாக் கறை பரவியதே தவிர போகவில்லை.

"விடுடி. நீ போயிட்டா எனக்கு வசனம் யாரு எடுத்துக் குடுப்பா?" என்றாள் லொடலொட. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஊசிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கொக்கியில் இருந்த சிவப்பு நூல் உடையை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு அவளோடது இல்ல சார். நான்தான் வாடகை உடையை மாத்தி மாட்டிட்டேன். என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க. இதை மட்டும் அவளுக்குக் குடுத்துடுங்க சார், தங்கச்சி கல்யாணத்துக்குப் போடறதுக்கு அவகிட்ட வேற இல்ல."

அவர் உடையைப் பார்த்தார். ஊசியின் முகத்தைப் பார்த்தார். ஊசி காலரிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைக்க ஆரம்பித்தாள்.

"அதையெல்லாம் எடுத்துக் குத்திக்கோ" என்றார் அவர். "இந்த உடை அவளுக்குப் பத்தாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பக்கத்துத் தையலைப் பிரிச்சு விட்டுக் குடு."