பின்பக்கத்து ஓட்டை

பல் செட் செய்து பிழைக்கிறவர், தன் அண்ணனோடு மூழ்கிப்போன கப்பலை, அது கடலடியில் கிடக்கிற கோலத்திலேயே மேசையளவில் செய்து முடித்தார். மணலுக்குப் பல் அச்செடுக்கும் சாந்து, துருவுக்குத் தேயிலைத் தூள்.

"பல்லுக்கு வந்தவங்களை இழுத்தடிக்கிறீங்க. இது மட்டும் கடகடன்னு முடிஞ்சிடுச்சே!" என்று மனைவி கிண்டலடித்தாள். அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அண்ணி ஒரு வார்த்தை மெச்ச வேண்டுமென்று அவளைக் கூட்டிவந்து காட்டினார்.

அண்ணி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அச்சு அசலா இருக்கு தம்பி. இதுல உங்கண்ணன் படுத்திருந்த ரூம் எது?"

புகைபோக்கியின் உயரத்துக்காகத் துறைமுகம் முழுக்க விசாரித்தவர், இதை யாரிடமும் கேட்டதில்லை.

"பின்பக்கம், எஞ்சினுக்கு மேலன்னு சொல்வாரு. சத்தத்துல தூக்கமே வராதாம்," என்று அவளே குனிந்து தேடினாள்.

அங்கே அறையே இல்லை. உடையாமல் மூழ்கிய கப்பலில், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று அவராகப் போட்ட ஓட்டைதான் இருந்தது. அதற்குள் வண்ண மீன்களை ஒட்டியிருந்தார். அவசரமாக இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கப் பார்த்தார். பசை இறுகியிருந்தது.

"இருக்கட்டும் தம்பி. மீனு நல்லாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி, அவர் முகத்தைப் பார்க்காமல்.